நான்காம் பாட்டுக்குப் பிறகு

தாலாட்டுத் தொகுப்பின் மாஸ்டரிங் எனும் கடைசி ஒலிச் சீரமைப்பை பெர்னதெத் முடித்திருந்தாள். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே இரண்டு வினாடி மௌனம். கேட்டுப் பார்க்க வந்த பாடகி தில்ஷாத், ஸ்டுடியோ சோபாவில் கைக்குழந்தையோடு சாய்ந்திருந்தாள். நான்காம் பாட்டு முடிந்ததும் மகனின் தலைக்கடியிலிருந்து மெல்லக் கையை உருவினாள். கை பாதி வெளியே வருவதற்குள் ஐந்தாம் பாட்டு தொடங்கிவிட்டது. குழந்தை வீறிட்டான்.

"பாத்தீங்களாக்கா? கையை எடுக்கக்கூட விடல."

"நடுவுல எவ்வளவு நேரம் விடணும்?"

"அது இவன் கையிலதானேக்கா இருக்கு."

பெர்னதெத் சிரித்துக்கொண்டே, ஐந்தாம் பாட்டு தானாக வராதபடி நிறுத்திவிட்டு நான்காம் பாட்டை மறுபடி ஓடவிட்டாள். அது முடிந்ததும் தில்ஷாத்தின் விரல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசி விரலும் வந்தது. குழந்தை அசையவில்லை. அடுத்த பாட்டுக்கான பொத்தான்மேல் பெர்னதெத்தின் விரல் இருந்தது. அழுத்தத்தான் மனம் வரவில்லை.