கத்தக்கூடாத பெயர்

பாலத்தின் இரும்புக் கைப்பிடி சுட்டது. அவள் கையை எடுக்கவில்லை.

கீழே மைதானத்தில் அவளுடைய பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்து இறுதி ஆட்டம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

கோட்டோரம் பயிற்சியாளருக்குப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலி காலியாகக் கிடந்தது.

போன வருடம் வரை அது அவளுடையது. அதில் அவள் உட்கார்ந்ததே இல்லை. முன்னும் பின்னும் நடப்பாள். தண்ணீர் பாட்டிலை உதைப்பாள். தொண்டை கட்டும் வரை கத்துவாள்.

இப்போது அதில் சும்மா உட்காரக் கிடைத்தால்கூடப் போதும் என்றிருந்தது.

விசாரணைக் குழு தெளிவாகச் சொல்லியிருந்தது. இந்தப் பருவம் முழுக்க மைதானத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. அணியில் இருக்கும் யாரோடும் பேசக் கூடாது. சைகை கூடாது. பெயர் சொல்லி அழைக்கவும் கூடாது. மீறினால் அணியே வெளியேற வேண்டியதுதான்.

பாலம் மைதானம் இல்லை. அந்த மட்டில் சரி.

அவளுக்குத் தன் வாயை நினைத்துத்தான் பயம்.

குழு சார்பில் கண்காணிக்க மைதானத்துக்கு வந்திருந்த வெள்ளைத் தொப்பிக்காரர் ஏற்கெனவே பாலத்தைப் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டுக் கைபேசியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

பண்ருட்டி பஸ் ஒன்று கடந்து போனது. பாலம் அதிர்ந்து அடங்கியது.

"இங்கதான் நிப்பீங்கன்னு தெரியும் மேம்."

சுகிர்தா.

கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. தோளில் நூல் பிசிறு. ஒரு வருடத்தில் முகம் ஒட்டிப் போயிருந்தது.

போன வருடம் அரையிறுதிக்கு முன்பே சுகிர்தா படிப்பை விட்டிருந்தாள். அப்பாவுக்குப் பக்கவாதம். சட்டைக் காலர் தைக்கப் போய்விட்டாள். கல்லூரியில் இல்லாதவள் கல்லூரிக்கு ஆட முடியாது. ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும் பெண்களுக்குப் பயிற்சியாளரே சொல்லிக்கொடுக்கும் முதல் விதி அது.

ஆனாலும் அரையிறுதி ஆட அவளே சுகிர்தாவைக் கூப்பிட்டாள்.

முட்டி விலகிப் படுத்திருந்த ரோகிணியின் ஜெர்சியைக் கொடுத்து, ரோகிணியின் பெயரிலேயே இறக்கினாள். மற்றவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

'உள்ள போயிட்டா அவ ரோகிணி. வாய் தவறிக்கூட வேற பேர் வரக் கூடாது.'

பெண்கள் யாருக்கும் வாய் தவறவில்லை.

கடைசி நேரத்தில் சுகிர்தா வெகு தூரத்திலிருந்து அடித்தாள். பந்து வளைந்து போய் வலையின் மேல் மூலையில் செருகியது.

'சுகிர்தா!'

கத்தியது பயிற்சியாளர்தான். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, மைதானம் முழுக்கக் கேட்கும்படி. எதிரணிக்கும் கேட்டது.

விசாரணையில் எதையும் அவள் மறைக்கவில்லை. நான்தான் கூப்பிட்டேன், அந்தப் பெண் மேல் தப்பில்லை என்றாள். அவளுக்கு ஒரு பருவம் தடை. சுகிர்தாவுக்கு, நாளை மறுபடி படிக்கச் சேர்ந்தாலும், எந்தக் கல்லூரி ஆட்டமும் இல்லை.

அதன் பிறகு அந்தப் பெண்ணைப் போய்ப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

இப்போதும் உதட்டை இறுக மூடிக்கொண்டு மைதானத்தின் பக்கம் திரும்பினாள்.

சுகிர்தா சிரித்தாள்.

"பேசுங்க மேம். பிளேயர்கிட்டதானே பேசக் கூடாது? நான்தான் பிளேயரே இல்லைன்னு எழுதிட்டாங்களே."

பயிற்சியாளரும் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு. அதை விடுங்க. அபியைப் பாருங்க மேம், எப்படி முழிக்கிறா."

அபிராமியின் காலில் பந்து. எதிரே இடது பக்கம் மொத்தமும் திறந்து கிடந்தது. பின்வரிசைக்காரி, தானாக முன்னே போகமாட்டாள். கோட்டோரத்திலிருந்து 'போடி!' என்று ஒரு குரல் வேண்டும். வந்தால் காற்றாய்ப் போவாள்.

அபிராமி பந்தை நிறுத்தினாள். காலி நாற்காலியைப் பார்த்தாள்.

பயிற்சியாளர் கைப்பிடிக்கு மேல் சாய்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நான் கத்தட்டா மேம்? என்னை இனிமே என்ன பண்ணிடுவாங்க?"

சுகிர்தா அதற்குள் இரண்டு கையையும் வாயருகே குவித்துவிட்டாள். அவள் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள். விரல் நுனியெல்லாம் ஊசித் தழும்பு.

"வேணாம்மா. எனக்காக நீ மாட்டினது போதும்."

பிடியை விடவில்லை.

கீழே, அபிராமி நாற்காலியிலிருந்து கண்ணை எடுத்தாள்.

பந்தை முன்னால் தட்டினாள். ஓடினாள். ஒருத்தியைத் தாண்டினாள். இன்னொருத்தி சறுக்கி விழுந்தாள். கோல்கீப்பர் கையை விரித்துக்கொண்டு முன்னே வந்தாள். பந்து அவளுக்கு அடியில் புகுந்து வலைக்குள் போனது.

மைதானமே எழுந்து நின்றது.

பாலத்தில் பயிற்சியாளரின் வாய் தானாகத் திறந்தது. ஒரு வருடம் அடைத்து வைத்திருந்த குரல்.

வெள்ளைத் தொப்பி பாலத்தை நோக்கி நிமிர்ந்தது. கைபேசி உயர்ந்தது.

அபிராமியின் பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"சுகிர்தா!"

பாலத்தில் போன சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்று பார்த்தார்.

"சுகிர்தா! சுகிர்தா!"

பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பயிற்சியாளரைப் பார்த்தாள். பிறகு கைகளை விடுவித்துக்கொண்டு, இரண்டையும் தலைக்கு மேல் தூக்கினாள்.