சத்தம் மட்டும் போதும்

"டயர் வேணாம், பிரேக் வேணாம், சத்தம் மட்டும் போதும் எண்டா சொல்றீங்க?"

ஊருக்கே அண்ணன் முறையான ஸம்சுதீன் நானா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மாவனல்லையில், கண்டி வீதியோரம் கார்ச் சாமான் கடை போட்ட நாள் முதல், வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பினார் என்ற கெட்ட பெயர் அவருக்குக் கிடையாது. வைப்பர் வாங்க வந்தவன் சீட் கவரையும் ஸ்பொய்லரையும் தலையில் கட்டிக்கொண்டு, வைப்பரை மறந்துவிட்டுப் போன வரலாறுகூட உண்டு. அப்பேர்ப்பட்டவரையே இன்று ஒருத்தி அரை மணி நேரமாக ஆட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

எதிரே நின்ற ஜெயம்மா, இறப்பர் பால் கறை படிந்த விரலால் ஒரு பெரிய சைலன்சரைத் தட்டினாள். தேங்காய் வாங்குகிறவளைப் போல காதைக் கிட்டே வைத்து வேறு கேட்டாள்.

"ஆமாங்க நானா. இப்ப இருக்குற பைப்பு பத்தலை. சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் கேக்கணும். அதோட பஸ்ஸுக்குப் பூட்டுவாங்களே, அந்த ஹோனும் ஒண்ணு குடுங்க."

"என்ன கார் எண்டு சொன்னீங்க?"

"செவப்புங்க. ரெண்டே கதவு. தரையோட தரையா படுத்துக் கெடக்கும். பந்தயத்துல ஓடுமே, அந்த மாதிரி."

"ஸ்போர்ட்ஸ் காருக்கு பஸ் ஹோன்!" நானா தலைக்கு மேலே சுற்றிய விசிறியிடம் முறையிட்டார். "தங்கச்சி, நான் சொல்றதக் கேளுங்க. ஒரு காருக்குச் செலவழிக்கிறண்டா மொதல்ல டயர். நம்மட ரோட்டுல மழை பேஞ்சா தெரியும்தானே? பிறகு பிரேக். அதுக்குப் பிறகு ஷாக் எப்சோபர். மத்ததெல்லாம் பொடியன்மார்ட வெளாட்டு."

"டயர் தேயவே இல்லைங்க. அப்படியே புதுசாட்டம் இருக்கு."

"பிரேக்?"

"அதெல்லாம் நல்லாத்தான் நிக்குது."

"ஆரு ஓட்டுற? மகனா?"

"மகன் கொழும்புல. எங்க வீட்டுக்காரர்தான் ராவுல போய் ஸ்டார்ட் பண்ணுவாரு. அவருக்கு முடியாத நாளைக்கு நானு."

"நீங்களுமா! லைசன் ஈக்கா?"

"இதுக்கெல்லாமா லைசன் கேப்பாங்க?"

நானாவின் கை தானாகத் தலைக்குப் போனது. புருஷனும் பெண்டாட்டியும் முறை வைத்துக்கொண்டு, கும்மிருட்டில், மலைப் பாதையில்!

"பொலிஸ் புடிச்சா?"

"பொலிஸ் அங்கெல்லாம் வர மாட்டாங்க நானா. நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க! நான் சொல்றன்." நானா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "போன வருஷம் இதே எடத்துல நிண்டு ஆஸிக் எண்டு ஒரு பொடியன் இதே பேச்சுப் பேசினான். அங்கிள், சத்தம் மட்டும் போதும் எண்டான். ஏவாரம்தானே எண்டு நானும் வாய மூடிட்டு வித்தன். அந்தக் கெழமையே அரநாயக்க வளைவுல காரோட பறந்துட்டான். உசுரு தப்பின அல்லாஹ்ட காவல். இண்டைக்கும் காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறான். அவன்ட உம்மா கடைக்கு வந்தா. ஒரு வார்த்தை பேசல்ல. என்னய நிண்டு பாத்துட்டுப் போய்ட்டா."

மேசைமேல் கிடந்த கண்ணாடியை எடுத்தார். துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அண்டையிலருந்து, டயரும் பிரேக்கும் போடாத ஆளுக்கு நான் சத்தம் விக்கிறல்ல."

ஜெயம்மா வாயைத் திறந்தாள். நானா கையைக் காட்டி அடக்கினார்.

"இன்னொரு ஆள்ட காலு என்ட கணக்குல வேணாம்."

"நானா, இன்னைக்கே பூட்டணுங்க. இன்னைக்கு ராவும் சத்தம் பத்தலைன்னா இந்த வருசம் எங்க பாடு அவ்வளவுதான்."

"காசு கட்டி ரேஸ் ஓடுறீங்களா! ஏலா. ஏலவே ஏலா. காரைக் கொண்டு வாங்க. டயர என்ட கண்ணால பாக்கணும், பிரேக்க என்ட காலால மிதிக்கணும். பிறகுதான் சத்தம்."

ஜெயம்மாவுக்கும் பொறுமை போய்விட்டது. சைலன்சரை நங்கென்று மேசையில் வைத்தாள்.

"எப்புடிங்க கொண்டு வர்றது? கிரேன்காரனே மேல நின்னு எட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டான். எங்க மரவள்ளித் தோட்டத்துக்கு நடுவுல, பாதி டயர் வரைக்கும் மண்ணுல பொதைஞ்சு நிக்குது. டிக்கியில கோழி அடை காக்குது! காட்டுப்பன்னி வந்தா என்ஜினைப் போட்டு முடுக்குவோம், ஓடிரும். இப்ப அதுகளுக்கு அந்தச் சத்தம் பழகிப்போச்சு. நேத்து காருல சாஞ்சு நின்னே கெழங்கு தோண்டுது!"

நானா நாற்காலியில் சாய்ந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கப்படாதா?"

"நீங்க எங்க சொல்ல விட்டீங்க?"

நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போலிருந்தது. சைலன்சரைத் தாளில் சுற்றினார். பஸ் ஹோனில் பெரியதாகப் பார்த்து எடுத்தார். இரண்டையும் நீட்டும்போது, அவருக்குள் தூங்கிய வியாபாரி மெல்ல எழுந்து உட்கார்ந்தான்.

"இத்தன கடை ஈக்க, என்ட கடையத் தேடி வந்தீங்களே தங்கச்சி. ஆரு சொன்ன?"

"யாரும் சொல்லலைங்க," என்றாள் ஜெயம்மா, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "போன வருசம் அந்தக் காரு வளைவுலருந்து பறந்து வந்து எங்க தோட்டத்துல விழுந்தப்பவே, பின் கண்ணாடியில உங்க கடைப் பேருதான் ஒட்டியிருந்துச்சு."