வாசலில் பீர் டின்கள்

ஐஸ் ஹாக்கி அரங்கின் வாசலில் மதிய வெயில் பனியில் பட்டுக் கண் கூசுகிறது. குடித்துவிட்டுக் கார் ஓட்டி, மரத்தில் மோதி இறந்துபோன கோல்கீப்பர் டாரிலுக்காகப் பூங்கொத்துகள் குவிந்திருக்கின்றன. பக்கத்திலேயே திறக்காத பீர் டின்கள். செத்த ஆட்டக்காரனுக்கு இந்த ஊர் செய்கிற மரியாதை அது. அவன் மனைவி நடீன் குனிந்து, டின்களை ஒவ்வொன்றாகத் திறந்து கவிழ்க்கிறாள். வெள்ளைப் பனியில் நுரை மஞ்சளாகக் குழி பறிக்கிறது. "என்ன நடீன், அவனுக்குப் பிடிச்சதுதானே?" என்கிறான், டாரிலின் எண் போட்ட சட்டையணிந்த தாடிக்காரன். "பிடிச்சதுதான். அதைக் குடிச்சிட்டுத்தான் சாவியை எடுத்தான்." "செத்தவனைப் பத்தி இப்படிப் பேசலாமா?" "என் பொண்ணு கேட்டா வேற யாரு சொல்லுவா? நீ சொல்லுவியா?" நடைபாதையில் போகிறவள் ஒருத்தி, "குடிகாரனுக்குப் பூ வேற" என்று முணுமுணுக்கிறாள். நடீன் அவள் பக்கம் திரும்புகிறாள். "பூ இருக்கட்டும். அவன் என் புருஷன்." தாடிக்காரன் வீம்பாக இன்னொரு டின்னை வைக்கிறான். அவன் கண்ணெதிரிலேயே அதையும் திறந்து கவிழ்க்கிறாள். நுரை அடங்கும்வரை நின்றுவிட்டு, காருக்குள் காத்திருக்கும் மகளைக் கைகாட்டி அழைக்கிறாள்.