கொள்ளிக்கு ஓர் ஆண் கை

ஆணின் கையால் மூட்டிய நெருப்பில்தான் ஓர் ஆத்மா கரையேறும். வேதகாலம் தொட்டு இன்றுவரை மானமுள்ள எந்தக் குடும்பமும் இந்த விதியை மீறியதில்லை.

இதை அறிவித்தபோது யோகநாதன், அவிழப் பார்த்த வேட்டியை இடக்கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். வழக்கத்தில் அவர் காற்சட்டைக்காரர்.

தகனசாலை மண்டபத்தில் அவருடைய அண்ணர் நமசிவாயம் பெட்டிக்குள் கிடந்தார். வெளியே அடுத்த பெட்டி வந்துவிட்டது. அதோடு வந்தவர்கள் வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"மாத்தயா, இக்மன் கரண்ட," என்று ஊழியர் சிங்களத்தில் மறுபடியும் அவசரப்படுத்தினார்.

பெட்டியருகே மகள் ரூபிகா நின்றாள். களுபோவில ஆஸ்பத்திரிக்கும் வெள்ளவத்தை பிளட் வீட்டுக்குமாக அப்பாவைத் தூக்கிச் சுமந்தவள்.

"நானே வைக்கிறன், சித்தப்பா. அப்பா என்னட்டைத்தான் கேட்டவர்."

"விசர்க்கதை கதையாதை, பிள்ளை. ஆம்பிளை ஒருத்தன் இருக்கேக்க?"

இருந்த ஆம்பிளை டொரொண்டோவில் இருந்தான். ரூபிகாவின் தம்பி உமாசுதன், வட்ஸ்அப்பில், போர்வையோடு.

யோகநாதன் ஒரு தீர்வு கண்டார். கொள்ளிக்கு வைத்திருந்த சந்தனக் கட்டையைப் போனோடு சேர்த்து ரப்பர் பாண்டால் கட்டினார். உமாசுதன் திரையில் வலக்கையை நீட்டுவான். இவர் போனைக் கற்பூரத்திடம் கொண்டுபோவார். சாஸ்திரம் ஆணின் கையைத்தான் கேட்டது. அந்தக் கை எந்த நாட்டில் இருக்கவேண்டும் என்று கேட்கவில்லை.

உமாசுதன் கையை நீட்டினான். திரை முழுக்க ஓர் உள்ளங்கை.

உள்ளங்கை அப்படியே உறைந்தது. அதன் நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

வேட்டி கட்டிய நான்கு பேர் அந்த வட்டத்தைச் சுற்றி நின்றார்கள்.

"டேட்டா முடிஞ்சுதோ?"

"ஜன்னல் பக்கம் பிடியுங்கோ, அண்ணை."

ரூபிகா கட்டைக்காக நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.

ஊழியர் மணிக்கூட்டைப் பார்த்தார். வாசலில் நின்றவர்கள் உள்ளேயே வந்துவிட்டார்கள்.

"அப்ப நான் வைக்கிறன்," என்றார் யோகநாதன். "தம்பிக்காரன் நான் இருக்கிறன்தானே. எங்கட பரம்பரையிலை பொம்பிளை கொள்ளி வைச்ச சரித்திரமே இல்லை."

பின்வரிசையிலிருந்து அலவி எழுந்து வந்தார். கொட்டாஞ்சேனையில் பக்கத்து வீட்டில், யோகநாதனோடு ஒன்றாக வளர்ந்தவர். அவர் குனிந்து யோகநாதனின் காதில் இரகசியமாகத்தான் கேட்டார். ஆனால் அலவியின் இரகசியம் எப்போதும் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"யோகன், எண்பத்தி மூணுல ஒன்ட அப்பாட மய்யத்துக்கு நெருப்பு வெச்சது ஆருடா?"

மண்டபம் யோகநாதனைப் பார்த்தது. அவர் வேட்டியைப் பார்த்தார்.

பிறகு கட்டையை ரூபிகாவிடம் கொடுத்தார், போனோடு சேர்த்தே.

ரூபிகா ரப்பர் பாண்டைக் கழற்றினாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். அப்பாவின் பெட்டியை ஒருமுறை தடவினாள். கொள்ளி வைத்தாள்.

கற்பூரம் பற்றி எரிந்தபோது சித்தப்பாவின் கையில் வட்டம் நின்றது.

"ஹலோ, சித்தப்பா? இப்ப வைக்கட்டோ?"

தமிழரை வேட்டையாடிய அந்த யூலைக் கலவரத்தின் நடுவே இருதயம் நின்று போன அப்பாவை, அலவியின் வாப்பாவின் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், கொள்ளி வைத்தவர் யோகநாதனின் அம்மா. மூத்தவர் நமசிவாயம் அப்போது சவுதியில்.

யோகநாதன் அன்று இருபது வயது ஆம்பிளை. அலவி வீட்டு அலுமாரிக்குள், அலவியின் உம்மாவின் சேலைகளுக்கு நடுவே இருந்தார்.