சின்னவளுக்கு ஒரு பிளாஸ்திரி

“அக்காவுக்கு மட்டும் டெஸ்ட்டு, எனக்கு இல்லியா? நான் என்ன தவிட்டுக்கு வாங்கினவளா?”

சின்னவள் போட்ட சத்தத்தில், ரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தூக்கம் கலைந்துவிட்டது. எல்லாரும் வெறும் வயிறு. சண்டையாவது கிடைத்ததே என்று வாகாகத் திரும்பி உட்கார்ந்தார்கள்.

“மெதுவாப் பேசுடி, மானம் போகுது” என்றாள் அம்மா.

அம்மாவுக்கு இப்போதுதான் தலையில் முடி முளைக்க ஆரம்பித்திருந்தது. மார்பகப் புற்றுநோய், ஆபரேஷன், மருந்து எல்லாம் முடிந்து எழுந்து வந்தவள். அவள் ரத்தத்தில் பரம்பரையாக வருகிற கோளாறு ஒன்று இருப்பது தெரிந்து, ‘நீங்க பெத்த பொண்ணுங்களுக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, கூட்டி வாங்க’ என்றிருந்தார் டாக்டர். அம்மாவோ பெரியவள் பெயருக்கு மட்டும் சீட்டு எழுதி வாங்கியிருந்தாள்.

“இது என்ன நகையாடி, சரிபாதி கேக்கிறதுக்கு?” பெரியவளுக்கு ஏற்கெனவே உதறல். “நானே பயந்து சாகறேன்.”

“பொம்மை வாங்கினாலும் உனக்குத்தான் முதல்ல. இப்ப வியாதியும் உனக்குத்தான் முதல்லயா?”

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ரத்தம் எடுக்கிறவள் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘கொசு’. பார்க்கிற வேலை அப்படி. கொசுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சின்னது சரியான அடங்காப்பிடாரி. அந்த அம்மா மட்டும் என்ன ஒழுங்காம்? உயிர் விஷயத்தில்கூடவா ஓரவஞ்சனை?

பெரியவளுக்கு எடுத்து அனுப்பியதும் அம்மா உள்ளே வந்தாள். கொசு விடவில்லை.

“ஏம்மா, சின்னவளும் நீங்க பெத்த பொண்ணுதானே? அவ உயிர் மட்டும் இளப்பமா?”

அம்மா திரையை இழுத்து மூடினாள்.

“நான் பெக்கலம்மா. பதினோரு நாள் குழந்தையா தூக்கிட்டு வந்தோம். இன்னிக்கு வரைக்கும் அவகிட்ட சொல்லல. இந்த வியாதி வந்ததுல எனக்கு ஒரே ஒரு நிம்மதி, என் கோளாறு அவளுக்குப் போகாதுங்கிறது. அதைச் சந்தோஷமா வாயைத் திறந்து சொல்ல முடியல பாரு.”

கொசு கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்தாள்.

“சும்மா ஒரு குத்து குத்தி எடுத்துக் கொட்டிடும்மா. ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சுன்னு அப்புறம் நானே சொல்லிக்கிறேன்.”

“அனுப்புங்கம்மா” என்றாள் கொசு.

சின்னவள் ஜெயித்துவிட்ட மிதப்பில் வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். திரை மூடியதுதான் தாமதம், ஊசியைப் பார்த்து முகம் வெளிறிவிட்டது.

“குத்தாதீங்க சிஸ்டர். எனக்கு ஊசின்னாலே மயக்கம் வரும். பஞ்சை மட்டும் வச்சு ஒட்டி அனுப்பிடுங்க.”

“அடிப்பாவி! அப்புறம் எதுக்கு இவ்வளவு ரகளை?”

“எனக்கு இந்த டெஸ்ட் தேவையே இல்ல. நான் அவங்க பெத்த பொண்ணு இல்ல. பத்தாவது படிக்கும்போது பீரோவுல தத்தெடுத்த பேப்பரைப் பார்த்துட்டேன்.”

“அப்ப வாயை மூடிட்டு இருக்க வேண்டியதுதானே?”

“எப்படி? எல்லாத்துக்கும் அக்காவோட சமமா சண்டை போடுறவ இதுக்கு மட்டும் கம்முனு இருந்தா, எனக்குத் தெரியும்னு அம்மா கண்டுபிடிச்சிடுவாங்க. இப்பதான் பொழச்சு வந்திருக்காங்க சிஸ்டர். உடைஞ்சு போயிடுவாங்க.”

கொசு மூக்கை உறிஞ்சிக்கொண்டே பஞ்சை வைத்து, பிளாஸ்திரியைக் கிழித்தாள்.

“இவ்வளவூண்டு போதாது” என்றாள் சின்னவள். “அக்காவோடதைவிடப் பெருசா ஒட்டுங்க. சின்னதா இருந்தா, அதுக்கு வேற நான் வெளிய போய் ஒரு சண்டை போடணும்.”