துவாயில் வைத்தது

கால் மணி நேரமாகக் காரை ஸ்ராட் பண்ணிப் பார்த்துவிட்டு, அவர் பொனற்றைத் தூக்கிக் கம்பியை முட்டுக்கொடுத்தார். தோளில் கிடந்த துவாயை முன்சில்லு மட்காட்டின் மேல் விரித்தார்.

கழற்றும் சாமான்களை அதில்தான் வரிசையாக வைப்பார்.

அவள் மற்றப் பக்கம் நின்றாள். வலக்கை சட்டைப் பைக்குள் இருந்தது. கைக்குள் ரோட்டர் இருந்தது.

பெருவிரல் அளவுத் துண்டு. கறுப்பு உடம்பு, தலையில் பித்தளைத் தகடு. அது இல்லாவிட்டால் எந்தப் பிளக்கிலும் பொறி வராது. கார் அசையாது.

அன்று விடிய, அவர் கிணற்றடியில் நின்றபோது, அவள்தான் போய்க் கழற்றிக்கொண்டு வந்தாள்.

கழற்றுவது அவளுக்குப் புதிதல்ல. சண்டைக் காலத்தில், பின்னேரம் வாசலில் விட்ட வாகனம் விடியவும் வாசலில் நிற்கும் என்று யாருக்கும் நிச்சயம் இல்லை. அதனால் அவர் நாள்தோறும் ரோட்டரைக் கழற்றி அவள் கையில் கொடுப்பார். அவள் சீலைத் தலைப்பில் முடிந்துகொள்வாள். காலையில் அவருடைய முதல் பேச்சே, "ரோட்டரைத் தாரும்" என்பதுதான். தேத்தண்ணி அதற்குப் பிறகு.

சண்டை முடிந்தும் இரண்டு வருஷம் மனுஷன் அந்தப் பழக்கத்தை விடவில்லை. ரோட்டருக்கும் ஒரு தாலி கட்டிவிடுங்கோ என்று அவள் பகிடி பண்ணியிருக்கிறாள்.

அறுபது வயதைத் தாண்டிய இங்கிலாந்துக் கார். ஒஸ்ரின். பெற்றோல் கிடைக்காத வருஷங்களில் அதை மண்ணெண்ணெயில் ஓட்டினார். ஊரில் யாருடைய கார் நின்றாலும், "நேசராசரைக் கூப்பிடுங்கோ" என்பார்கள். வேலை பார்த்தது தபால் கந்தோரில். மனம் இருந்ததெல்லாம் பொனற்றுக்குள்.

போன செவ்வாய்க்கிழமை பாண் வாங்கப் போனவர் மத்தியானம் வரை வரவில்லை.

ரயில் கடவையில், தண்டவாளத்துக்கு நடுவில், காரை நிறுத்திவிட்டு உள்ளே இருந்தாராம். வீடு எந்தப் பக்கம் என்று கேட்டாராம். கூட்டிக்கொண்டு வந்த கடவைக் காவல்காரர் அதைப் படலையடியில் நின்று மெதுவாகச் சொன்னார்.

வெயிலுக்குத் தலை சுற்றியது என்றார் மனுஷன்.

அவளுக்கு அதை நம்ப வேண்டும் போலிருந்தது.

சாவியை ஒளித்து வைக்கும்படி மகன் கனடாவிலிருந்து சொன்னான். சாவியை ஒளிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அது அவரைச் சின்னப்பிள்ளை ஆக்குவது. ரோட்டர் அப்படியல்ல. ரோட்டருக்கு மேலுள்ள மூடியைத் திறந்த அடுத்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் ஏசுவார். ஏசினால், அவருக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். ரோட்டரையும் கொடுத்து, பையையும் கொடுத்து, பாண் வாங்கி வாருங்கோ என்று அனுப்பிவிடலாம்.

அவர் பெற்றோல் வருகிறதா என்று பார்த்தார். வந்தது.

ஒரு பிளக்கைக் கழற்றி, வயரில் கொழுவி, இயந்திரத்தின் இரும்பில் முட்டவைத்தார்.

"ஒருக்கா ஸ்ராட் பண்ணும்."

அவள் கதவைத் திறந்து, எட்டி, இடக்கையால் சாவியைத் திருப்பினாள்.

பொறி இல்லை.

"கரண்ட் வரேல்லை" என்றார்.

பிளக்கைத் துவாயில் வைத்தார்.

அவளுக்கு மூச்சு வந்தது. வழி பிசகாமல்தான் வருகிறார். இன்னும் ஒரு மூடிதான் மிச்சம்.

இரண்டு கிளிப்பையும் நெம்பி, அந்தக் கறுத்த மூடியை எடுத்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

உள்ளே, ரோட்டர் பூட்டும் நடுத்தண்டு மொட்டையாக நின்றது. அவள் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

அவள் காத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வருஷத்தில் அவருடைய ஏச்சுக்கு அவள் இப்படி ஆசைப்பட்டதில்லை.

அவர் இரண்டு விரலைத் தண்டின் மேலே கொண்டுபோனார். பிடித்தார். நேரே மேலே இழுத்தார்.

இழுத்ததைக் கொண்டுவந்து துவாயில், பிளக்குக்குப் பக்கத்தில், வைத்தார்.

பிளக்குக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

நெருப்புப்பெட்டியின் உரசும் பக்கத்தைக் கிழித்தார். தண்டடியில் முட்டி விலகும் பொயின்ற்றுகளுக்கு நடுவே விட்டு இரண்டு தரம் இழுத்து, வாயால் ஊதினார். பிறகு துவாயிலிருந்து இரண்டு விரலால் எடுத்தார். தண்டில் வைத்தார். பெருவிரலால் அமத்தினார். இறுகியிருக்கிறதா என்று அசைத்தும் பார்த்தார்.

அவசரமே இல்லை அந்தக் கையில். ஒரு பிழையும் இல்லை.

மூடியைப் போட்டார். கிளிப் இரண்டும் டக், டக் என்று விழுந்தன. பிளக்கைப் பூட்டினார். துவாயை உதறித் தோளில் போட்டார்.

"எல்லாம் சரியாத்தான் கிடக்கு. ஏறி ஸ்ராட் பண்ணிப் பாரும்."

அவள் ஏறி இருந்தாள்.

வலக்கையைப் பைக்குள்ளிருந்து எடுத்தாள். உள்ளங்கையில் பித்தளைத் தகடு பதிந்து சிவந்திருந்தது.

தூக்கி நின்ற பொனற் அவரை மறைத்தது. அங்கிருந்து அவருக்கும் அவளைக் காண முடியாது. அதனால் அழ முடிந்தது.

சாவியைத் திருப்பினாள். இயந்திரம் சும்மா சுற்றியது. சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.

"பிடிக்கப் பாக்குது" என்றார் அவர், பொனற்றுக்கு அந்தப் பக்கமிருந்து. குரலில் நல்ல சந்தோஷம். "இன்னொருக்கா."

அவள் இன்னொருக்காத் திருப்பினாள்.