பரங்கிப்பூ பறித்தவர்

“பூவுல கை வைக்காதீங்கண்ணே!”

லீலா மேரி கத்திக்கொண்டே வரப்பில் ஓடினாள். பொழுது அப்போதுதான் விடிந்திருந்தது. அவளுடைய பரங்கிக் கொடிகளுக்கு நடுவே, பக்கத்துக் கொல்லைக்காரர் ராசாங்கம் குந்தியிருந்தார். கை நிறையப் பறித்த பூ.

புருஷன் பட்டாளத்துக்குப் போய் ஒரு வருஷம். பர்மாப் பக்கம் சண்டை என்கிறார்கள். கடுதாசி இல்லை. அரியலூர்ச் சந்தைக்குப் போகிற பரங்கிக்காய்தான் அவளுக்கும் கைக்குழந்தைக்கும் கஞ்சி. இந்தத் தடவை பிஞ்சு எல்லாம் வெம்பி வெம்பி உதிர்ந்துகொண்டிருந்தது.

“இருக்கிற பூவையும் பறிச்சா நான் எங்கண்ணே போவேன்?”

“கத்தாத தங்கச்சி. இது ஆண் பூ. காய்க்காது. அந்தா, அடியில பிஞ்சோட நிக்குது பாரு, அது பெண் பூ.”

ராசாங்கம் கையிலிருந்த பூவின் இதழைக் கிள்ளிப் போட்டார். நடுவிலிருந்த மஞ்சள் தூளைப் பெண் பூவுக்குள் பதமாகத் தடவினார்.

“தேனீ செய்யிற வேலை இது. பூ அதுக்குத் தேன் குடுக்கும், அது பூவுல காய் புடிக்க வைக்கும். வேப்பமரத்துக் கூடுதான் எரிஞ்சு போச்சே. வெயில் ஏறுனா பூ மூடிக்கும். அதுக்குள்ள முடிக்கணும்.”

லீலா மேரி வேப்பமரத்துப் பக்கம் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

பத்து நாளைக்கு முன்னால், ஆளில்லாத நேரம் பார்த்து அந்தக் கூட்டுக்குத் தீ வைத்தது அவள்தான். யாரிடமும் மூச்சு விடவில்லை. ராசாங்கத்தின் கொடியும் அந்தக் கூட்டை நம்பித்தான் காய்த்தது.

“உங்க கொல்லைக்கு?”

“நேத்து அங்க, இன்னிக்கு இங்க. பாதிதான் தேறும். ஒத்த ஆளு என்ன பண்றது?”

அவள் முந்தானையை விரலில் முறுக்கினாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“நெருப்பு வச்சது யாருன்னு தெரிஞ்சா... என்னண்ணே பண்ணுவீங்க?”

ராசாங்கம் நிமிரவில்லை. அடுத்த பூவை விலக்கிப் பார்த்தபடியே சொன்னார்:

“நீ தீப்பந்தத்தோட நின்னதை அன்னிக்கே பாத்துட்டேன் தங்கச்சி. தேனீ கொட்டி வீங்கியிருந்துச்சே, புள்ளைக்கு இப்ப கண்ணு தொறக்குதா?”